பாவடித் தோட்டம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும், "கையக் காட்டுமா" என்றார். மருதாணி பார்க்கப் போகிறார் என்று நினைத்து இரண்டு கையையும் பெருமையாக நீட்டினேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு பட்டு இழையை எடுத்தார். அதை என் உள்ளங்கையில் வைத்து ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். இழை வழுக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பாதியில் சிக்கி நின்றது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். எங்களுக்கும் பூர்வீகம் தறிதான். ஆனால் என் அப்பா கடன் தொல்லையில் தறியைக் கழற்றிவிட்டு, பெரணமல்லூர் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து நானும் களை பிடுங்கினேன், நாற்று நட்டேன், கத்தரிக்கு மண் அணைத்தேன். அந்தக் கையைத்தான் நீட்டியிருந்தேன். கையை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

இருந்தும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அதற்குள் சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. "எண்ணெ போட்டா சரியாப் பூடும்" என்று மாமியார் தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். என்னை ஆரணிக்கு அழைத்து வந்தபோது, மருமகள் தறி வீட்டுப் பெண், பிறந்ததிலிருந்து தறியில் நூல் ஓட்டும் நாடா பிடித்தவள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் அத்தைக்கும் எனக்கும் முதலில் உண்டான உறவு அந்தப் பொய்தான்.

பட்டு வேலைக்குக் கை முக்கியம். சொரசொரப்பான விரல் பட்டால் இழை பிசிறு தட்டும், அறும். முடிந்த புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் பிசிறு காட்டிக் கொடுத்துவிடும். அதனால் வீட்டுக்குள் வந்த முதல் வருடம் தறிப் பக்கமே என்னை விடவில்லை. ராத்திரி படுக்கப் போகும் முன் நல்லெண்ணெயில் மில் தவிட்டைக் குழைத்து, அத்தையே என் கையைப் பிடித்துத் தேய்ப்பார். பாத்திரம் துலக்கச் சாம்பலைத் தொடக் கூடாது என்று அதையும் அவரே துலக்கினார். கேட்பவர்களுக்கு இது பாசம் மாதிரி இருக்கும். எனக்கு அப்போது அது தண்டனை மாதிரி இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் என் கையை விரித்து வைத்து என் பிறந்த வீட்டைத் தேய்த்து அழிக்கிறார்கள் என்று பொருமுவேன்.

கடைசியில் கை வழிக்கு வந்தது. எங்கள் தறியில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அந்த மாதிரிப் புடவைக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அதற்கு வெளியாள் வைத்திருந்தார்கள். அவரை நிறுத்திவிட்டு என்னை உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பேச்சுக் குறைந்த மனிதர். முதல் புடவை இறங்கிய அன்று, "பரவால்ல, பிசிறு இல்ல" என்றார். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடம் எனக்குக் கிடைத்த இடம். அதை விடவே கூடாது என்று இருந்தேன்.

அப்புறம் எழுபதுகளின் கடைசியில் ஒரு மந்தமான காலம் வந்தது. பட்டு நூல் விலை ஏறியது. முதலாளிமார்கள் நெய்யப் பாவு நூல் கொடுப்பதைக் குறைத்தார்கள். தெருவில் பாதித் தறிக்கு வேலை இல்லை. கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் காய் கொண்டு வரும் கூடைக்காரம்மாவைப் பார்த்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு ரசம்தான்.

எங்கள் தெருக்கோடியில் பாவடி இருந்தது. விடியற்காலையில் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டிச் சரிசெய்யும் பொது இடம். மேட்டுப் பக்கம் வேப்பமர நிழலில் பாவு ஓடும். பள்ளத்துப் பக்கம் கிணறு, அதை ஒட்டிச் சாயக் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நிலம் முள்செடி மண்டிச் சும்மா கிடந்தது. தெருப் பெரியவர்கள் கூடிப் பேசி, அதைச் சுத்தம் செய்து கீரையும் காயும் போடலாம் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், விளைவதை எல்லா வீட்டுக்கும் பங்கு வைக்க வேண்டும் என்று பேச்சு.

சேதி கேட்டதும் நான் தறியை விட்டு எழுந்தேவிட்டேன். மண் என்றதும் கால் தானாக எழுந்தது. எழுந்த பிறகுதான் அத்தை பார்க்கும் பார்வை தெரிந்தது.

"உக்காருமே" என்றார். "நீ போயி மம்முட்டி புடிச்சா, அப்பால இந்தக் கைய வச்சிகினு நான் இன்னா பண்றது? நான் போறேன்."

"வயசான காலத்துல நீங்க போயி கொத்தறதா? நான் போறேன் அத்தை. எனக்குப் பழக்கம்."

"மெதுவாப் பேசு. பழக்கமாம் பழக்கம். ஊருக்கே தமுக்கு அடி."

அத்தை போனார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷி. பிறந்ததிலிருந்து மண்வெட்டியைத் தொட்டதில்லை. பாவடிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பக்கத்து வீட்டு அக்காவின் வீடு ஒன்றுதான். தறியில் உட்கார்ந்தால் அங்கே பேசுவது எல்லாம் காதில் விழும். "ஐயோ, மம்முட்டியப் பாரு, தொடப்பம் மாதிரி புடிக்கிறாங்க" என்று யாரோ சொல்ல மற்றவர்கள் சிரிப்பது கேட்டது. அத்தையும் சேர்ந்து சிரித்தார். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் நிழலில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதிலாக ஒரு கிழவி வெயிலில் கேலி வாங்கிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, கொப்புளித்த உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்வார். தேய்த்துவிடுகிறேன் என்று போனால், உன் கையில் படும் என்பதுபோல் விலக்கிவிடுவார்.

ஆடியில் விதை போட்டார்கள். அன்று எல்லோருக்கும் முன்னால் அத்தை போய்விட்டார். மற்றவர்கள் வருவதற்குள் தண்டுக்கீரையும் கத்தரியும் வெண்டையும் ஒரு பக்கம் தூவி முடித்திருந்தார். அவ்வளவு ஆசை அவருக்கு. அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகவே முளைத்தது. முதல் கீரைக் கட்டு வீடு வீடாக வந்தபோது தெருவே மணத்தது.

கோளாறு தண்ணீரில் வந்தது. சாயம் ஏற்றும் முன் கச்சாப் பட்டைச் சலவைச் சோடாவும் சோப்பும் போட்டுப் பெரிய அண்டாவில் வேக வைப்பார்கள். பட்டின் மேலிருக்கும் பசை கரைந்து தண்ணீர் வழவழவென்று கஞ்சி மாதிரி ஆகிவிடும். அதுவரை அதைச் சாக்கடையில்தான் கொட்டினார்கள். தோட்டம் வந்ததும் நம் ஆட்களுக்கு ஒரு யோசனை உதித்தது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினால் செடி தழைக்கிறதே, இது பட்டுக் கஞ்சி, புழுவின் சத்தெல்லாம் இதில்தானே இறங்கியிருக்கிறது? கிணற்றில் இறைக்கிற பாடும் மிச்சம். பட்டு தெரிந்தவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். ஆற வைத்து ஆளுக்கொரு குடம் சுமந்து ஊற்றினார்கள். அத்தை எல்லோரையும் விட ஒரு நடை கூடுதலாக நடந்தார்.

தண்ணீர் எடுக்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டேன். சோடாத் தண்ணீர் பாய்ந்தால் மண் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் உவர் பூத்த நிலத்தில் புல் கூட நிற்காது. வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன்.

"அத்தை, அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க. மண்ணு செத்துப் பூடும்."

"உனுக்கு எப்டித் தெரியும்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். "தறி வூட்டுப் பொண்ணுக்கு மண்ணு எப்டித் தெரியும்? பேசாம இரு. எல்லாரும்தான ஊத்தறாங்க."

நான் பேசாமல் இருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் என் வாயை அடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. வாயைத் திறந்தால் தோட்டத்துக்கு இழுப்பார்கள், கை போகும், தறி போகும். அத்தை தடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாடாவைத் தள்ளினேன்.

ஆவணி கடைசியில் கீரையின் ஓரம் கருகியது. கத்தரி மஞ்சளித்தது. ஊற்றின தண்ணீர் இறங்காமல் தேங்கியது. காய்ந்தால் மண் ஓடு மாதிரி ஆகி, மேலே சுண்ணாம்பு தூவின மாதிரி வெள்ளை பூத்தது. இன்னும் சத்து வேண்டும் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் பட்டுக் கஞ்சியை ஊற்றினார்கள்.

ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, தப்பா நெனச்சிக்காத. உங்க அத்தைய இனிமே தோட்டத்துக்கு வர வேணாம்னு நீயே நைசா சொல்லிடு."

"ஏங்க்கா? இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. மொத வெதய அவுங்க போட்டுட்டாங்க இல்ல. பூவும் பொட்டும் இல்லாதவங்க கை. அதான் இப்டிக் கருகுதுன்னு எல்லாரும் பேசிக்கினு இருக்காங்கோ. மூஞ்சிக்கு நேரா சொல்ல எங்களுக்கு மனசு வரல."

மாமனார் போய், நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே பல வருடம் ஆகியிருந்தது. அத்தை எந்தக் கல்யாணத்திலும் முன் வரிசையில் உட்கார மாட்டார். யாராவது ஊருக்குக் கிளம்பினால் உள்ளே போய்விடுவார். அப்படித் தாமாக ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்தவர், ஒரே ஒரு இடத்தில் ஆசையாக முன்னால் போய் நின்றிருக்கிறார். அந்த இடத்திலிருந்து அவரைத் துரத்த வேண்டும். அதை நான் சொல்ல வேண்டும். செடி எதனால் கருகுகிறது என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவள் நான் ஒருத்தி.

எனக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. என் மேல், அக்கா மேல், அத்தை மேல், அந்தத் தெருவின் மேல். யார் மேல் அதிகம் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குள் இறங்கினேன். அத்தை அந்த நேரம் அங்கே கருகின இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மற்ற வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். குனிந்து வெள்ளை பூத்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"சீ, இன்னாம்மா பண்றே?" என்றார் பின்னாலேயே வந்த அக்கா.

"நீங்களும் வச்சிப் பாருங்கக்கா. சோப்பு மாதிரி கரிக்குது. இது யார் கையினாலயும் இல்ல. நீங்க எல்லாரும் கொண்டாந்து ஊத்தற பட்டுத் தண்ணியினால."

ஒருத்தி வைத்துப் பார்த்துத் துப்பினாள். இன்னொருத்தி கேட்டாள், "உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான் கழனியில வேல செஞ்சவ. கல்யாணத்துக்கு முந்தின நாளு வரைக்கும் களை எடுத்தவ."

"தறி வூட்டுப் பொண்ணுன்னு இல்ல சொன்னாங்க உங்க அத்தை?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. இலைகளை மடியிலிருந்து உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தார். பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஒரு பாத்தியைப் புரட்டிக் காட்டினேன். அடி மண் கட்டியாக இறுகியிருந்தது. அவர்கள் நம்பினார்கள். அதற்குள் என் கையில் கொப்புளம் எழும்பத் தொடங்கிவிட்டது.

வீட்டில் அத்தை அன்று விளக்கு வைத்த பிறகுதான் வெடித்தார்.

"என்னப் பத்தி நாலு பேர் நாலு வெதமாப் பேசட்டும். எனக்கு அது இன்னா புதுசா? உன்ன ஒருத்தி ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னு நான் மூடி மூடி வச்சேன். கொண்டாந்து நடுத்தெருல கொட்டிட்டியே."

அதுவரை அந்தப் பொய் அவர் கௌரவத்துக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்குக் கரைக்கு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அத்தைதான் உட்கார்ந்தார். மாமனார் இருந்த காலத்தில் அந்த இடம் அவருடையது. கை மறக்கவில்லை. கண்தான் கொஞ்சம் மங்கல், ஜல்தியாகத் தள்ள முடியாது. தறி முன்பை விட மெதுவாக ஓடியது. நான் தோட்டத்துக்குப் போனேன். பட்டுத் தண்ணீரைப் பழையபடி சாக்கடைக்குத் திருப்பினோம். மண்ணைக் கிளறி, எருக்கந்தழையும் சாணியும் போட்டு மிதித்து, கிணற்றுத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தோம். ஐப்பசி மழை பாக்கியைக் கழுவிக்கொண்டு போனது. மார்கழியில் மண்ணைப் பிடித்தால் உதிர்ந்தது. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பாவு ஓட்ட வந்த ஆண்கள்கூட நின்று என்னிடம் பாத்திக்கு யோசனை கேட்டுவிட்டுப் போனார்கள்.

தையில் மறுபடி விதை போட நாள் பார்த்தார்கள். அன்று காலை அக்காவும் இன்னும் சில பெண்களும் முறத்தில் விதையும் மஞ்சளும் பூவுமாக எங்கள் வாசலுக்கே வந்தார்கள். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா. மொத கை நீதான் போடணும். மண்ணுக்கே உயிர் குடுத்த கை" என்றார் அக்கா.

என் முகம் மலர்ந்ததை நானே உணர்ந்தேன். அப்புறம்தான் அத்தை நினைவு வந்தது.

"அத்தையும் வரட்டும்க்கா. தப்பு தண்ணியிலதான்னு நீங்க எல்லாரும்தான் பார்த்தீங்களே."

"தண்ணிதாம்மா தப்பு. யாரு இல்லன்னா?" என்றார் அக்கா. முறத்தில் இருந்த பூவைச் சரி செய்தார். "ஆனாலும் மொத வெத இல்லியா."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மண் ஏன் செத்தது என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. அத்தையைப் பற்றிய எண்ணம் மட்டும் ஒரு இழை கூட நகரவில்லை. நான் மண்ணைத் தின்று காட்டியதெல்லாம் மண்ணுக்கு மட்டும்தான் உதவியது. இது என்ன நியாயம் என்று கேட்க வாய் எடுத்தேன். தறிச் சத்தம் நின்றது.

"போமே" என்றது அத்தையின் குரல் உள்ளேயிருந்து. "நல்ல நேரம் தாண்டிடப் போவுது. அவங்கள ஏன் பேஜார் பண்றே?"

மறுபடி தறி ஓடத் தொடங்கியது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அக்காவிடம் முறத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் நெற்றியில் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன்.

விதை நன்றாக முளைத்தது. ராசியான கை என்று எனக்குப் பெயர் வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள்கூடத் தங்கள் பாவடியில் தோட்டம் வைத்தபோது என்னைத்தான் கூப்பிட்டார்கள். எண்பதுகளில் பட்டு மறுபடி சூடு பிடித்து, எல்லோருக்கும் கை நிறைய வேலை வந்த பிறகும் தெரு அந்தத் தோட்டத்தை விடவில்லை.

தறிக்கு வேலை இல்லாத நாட்களில் அத்தையும் பாவடிக்கு வருவார். கிணற்றில் இறைத்துக் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். தோட்டத்தின் வரப்பு வரை வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்வார். அதற்கு மேல் வரக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நான் போய்க் குடத்தை எடுத்து வந்து செடிக்கு ஊற்றிவிட்டு, காலிக் குடத்தை அவர் கையில் கொடுப்பேன். கடைசி வரை அப்படித்தான் நடந்தது. "உள்ள வாங்க அத்தை" என்று ஒரு நாளும் நான் கூப்பிடவில்லை.